லாரா கிராஃப்ட் முதல் ஸ்டெல்லர் பிளேடு வரை... வீடியோ கேம் நாயகிகளின் தோற்றம் ஏன் தீராத சர்ச்சை?

2024 ஏப்ரல் 26. தென்கொரியாவின் ஷிஃப்ட் அப் நிறுவனம் தயாரித்த 'ஸ்டெல்லர் பிளேடு' கேம், பிளேஸ்டேஷன் 5-ல் வெளியானது. அன்றே ஒரு அப்டேட்டும் வந்தது. அதை இன்ஸ்டால் செய்தவர்களில் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். நாயகி ஈவ் அணியும் ஒன்றிரண்டு உடைகளில் கொஞ்சம் துணி கூடியிருந்தது. அவ்வளவுதான். சென்சார் செய்துவிட்டார்கள் என்று கொந்தளித்து ஆன்லைனில் மனு போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்தும் போட்டார்கள். மாற்றிய வடிவம்தான் தாங்கள் நினைத்த வடிவம் என்று கேமின் இயக்குநர் கிம் ஹியூங்-டே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஈவின் உடல் ஒரு நிஜ கொரிய மாடலை 3டி ஸ்கேன் செய்து உருவாக்கப்பட்டது. ஆனால் பெண்ணையே பார்த்திராத யாரோ வடிவமைத்தது போல் இருக்கிறது என்று கேம் வருவதற்கு முன்பே ஐஜிஎன் பிரான்ஸ் தளத்தில் எழுதினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தளம் மன்னிப்புக் கேட்டது.

ஒரு கேம் பாத்திரத்தின் உடைக்கு ஏன் இவ்வளவு சண்டை? இது இன்று நேற்று தொடங்கியதல்ல.

எது கவர்ச்சி, எது கவர்ச்சிப் பொருளாக்குவது?

எவ்வளவு தோல் தெரிகிறது என்பதை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது. கடற்கரையில் வாலிபால் ஆடுபவர் நீச்சலுடையில் இருந்தால் அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. போர்க்களத்தில் ஆண் வீரன் தலை முதல் கால் வரை இரும்புக் கவசத்தில் நிற்க, பக்கத்தில் நிற்கும் பெண் வீரருக்கு மட்டும் அதே இரும்பில் பிகினி என்றால் கேள்வி வரும். அந்தக் கவசம் அவரைக் காப்பாற்ற வடிவமைத்ததல்ல, பார்ப்பவருக்காக வடிவமைத்தது. வேறுபாடு அங்கேதான்.

உடையைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது. கேமரா எங்கே நிற்கிறது, பாத்திரம் பேசும்போது முகத்தைக் காட்டுகிறதா, வேறு எதையாவது காட்டுகிறதா? சண்டை முடிந்ததும் அவர் எப்படி நிற்கிறார்? சினிமாவில் ஐந்து நிமிடப் பாட்டோடு போகும் விஷயம் கேமில் அப்படிப் போகாது. பல கேம்களில் கேமரா நாயகியின் முதுகுக்குப் பின்னாலேயே 30, 40 மணி நேரம் ஓடும். பிறகு உடல் அசைவு. மார்பகம் குலுங்குவதற்கென்றே தனியாகக் கணக்குப் போட்டு அனிமேஷன் செய்வார்கள். 1996-ல் டெக்மோ வெளியிட்ட 'டெட் ஆர் அலைவ்' சண்டை கேம் இதனாலேயே பெயர் வாங்கியது. அதே பாத்திரங்களை வைத்து 2003-ல் பீச் வாலிபால் கேமே போட்டார்கள் என்றால், விற்றது சண்டையா வேறு எதுவா என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சின்ன உதாரணம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். 2016 மார்ச்சில், 'ஓவர்வாட்ச்' கேமில் டிரேசர் என்ற பாத்திரத்தின் வெற்றி போஸ் குறித்து ஒரு ரசிகர் பிளிஸார்டு நிறுவனத்துக்கு எழுதினார். பின்பக்கம் தெரியத் திரும்பி நிற்கும் போஸ் அது. அவர் கவர்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கேமில் விடோமேக்கர் என்ற பாத்திரத்துக்கு அந்த போஸ் பொருந்தும், துறுதுறுவென்று ஓடித்திரியும் டிரேசருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதே அவர் கேள்வி. நிறுவனம் போஸை நீக்கியது. வழக்கம்போல் இணையம் கொதித்தது. அடுத்த மாதம் வந்த மாற்று போஸ், பழைய காலண்டர் பெண் ஓவியத்தைப் போலவே இருந்தது! ஆனால் அதில் டிரேசரின் குறும்பு இருந்தது. எதிர்ப்பு அடங்கிவிட்டது.

பரிசாகக் கிடைத்த உடல்

1986-ல் ஜப்பானில் நிண்டெண்டோ 'மெட்ராய்டு' என்ற கேமை வெளியிட்டது. ஹீரோ சாமஸ், தலை முதல் கால் வரை விண்வெளிக் கவசம். ஆங்கிலக் கையேட்டில் அவரை ஆண் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். கேமை வேகமாக முடித்தால் கடைசியில் கவசம் கழன்று, இதுவரை சுட்டுத் தள்ளியது ஒரு பெண் என்று தெரியும். அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிர்ச்சி, நல்ல அதிர்ச்சியும்கூட. ஆனால் கூடவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ, சாமஸின் உடையும் அவ்வளவு குறையும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. திறமையாக ஆடியவருக்குப் பரிசு, அதுவரை அவர் ஆடிய பாத்திரத்தின் உடல்.

லாராவுக்கு என்ன நடந்தது?

இந்த விவாதத்தில் லாரா கிராஃப்ட் பெயர் வராமல் இருக்காது. இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனம் 1996-ல் 'டூம் ரெய்டர்' கேமை வெளியிட்டது. முதலில் யோசித்தது ஆண் ஹீரோவைத்தான். இந்தியானா ஜோன்ஸ் மாதிரியே இருக்கிறது, வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் மாற்றினார்கள். வடிவமைப்பாளர் டோபி கார்டு உருவாக்கிய பெண் பாத்திரத்தின் முதல் பெயர் லாரா குரூஸ். பிறகு பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்துப் பெண் லாரா கிராஃப்ட் ஆனார். திரைக்கதை எழுதியவர் விக்கி ஆர்னால்டு என்ற பெண். அறிவாளி, கிண்டல்காரி, தனியாகவே சமாளிப்பவள்... காகிதத்தில் இருந்தது இந்த லாரா.

திரையில் அவருக்குக் குட்டை டிரவுசர், ஒட்டிய மேலாடை, குறுகிய இடுப்பு, மிகப்பெரிய மார்பு. அளவை மாற்றிப் பார்க்கும்போது தவறுதலாகப் பெரிதாகிவிட்டது, சக ஊழியர்கள் அப்படியே விடச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ தமாஷோ, அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் அல்ல. வெளியீட்டு நிறுவனமான ஈடோஸ், லாராவின் உடலையே விளம்பரமாக்கியது. லாரா வேடமிட்டு நிகழ்ச்சிகளில் நிற்க மாடல்களை வைத்தது. 1997-ல் 'தி ஃபேஸ்' பத்திரிகையின் அட்டைப்படத்தில் லாரா வந்தார். கேம் ஆடாதவர்களுக்கும் லாராவைத் தெரிந்தது, அவர் என்ன செய்வார் என்பது தெரியாமலேயே.

டோபி கார்டு அதே 1997-ல் வேலையை விட்டார். தான் உருவாக்கிய பாத்திரத்தை இப்படி விற்பதில் தனக்கு எந்தப் பிடியும் இல்லை என்பது முக்கியக் காரணம். கேம் பெரிய வெற்றி பெற்றிருந்த நேரத்தில், அதிலிருந்து கிடைக்க வேண்டியதைத் துறந்து போனவர் அவர்.

இதற்குள் ரசிகர்கள் லாராவின் உடையை நீக்கும் சட்டவிரோதக் கோப்பு ஒன்றைத் தயாரித்துப் பரப்பியிருந்தார்கள். 1999-ல் ஈடோஸ் வக்கீல் நோட்டீஸ் அனுப்பித் துரத்தியது. அதே ஆண்டு லாரா மாடல்களில் ஒருவரான நெல் மெக்ஆண்ட்ரூ 'பிளேபாய்' இதழில் தோன்ற, இதழ் டூம் ரெய்டர் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் வரை போனார்கள். சந்தையில் ஒரு உருவத்தை எதற்காக நிறுத்தினோமோ, சந்தை அதை அதற்கே எடுத்துக்கொண்டது. பிறகு கேஸ் போட்டு என்ன பயன்?

2013-ல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவை முதலிலிருந்து மறுபடி உருவாக்கியது. நீளமான கால்சட்டை, இயல்பான உடல்வாகு, உடம்பெல்லாம் சேறும் காயமும். முதன்மை எழுத்தாளர் ரியானா பிராட்செட். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அங்கேயும் ஒரு சிக்கல். வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டு பேட்டி கொடுத்த தயாரிப்பாளர் ஒருவர், ஆடுபவர்களுக்கு லாராவைப் பாதுகாக்கத் தோன்றும் என்றார். கண்டனம் குவிந்தது. யாரும் ஆண் ஹீரோவை அறிமுகப்படுத்தும்போது பாவம், காப்பாற்றுங்கள் என்று சொல்வதில்லையே. உடை மாறியது, அவர் இன்னொருவர் பார்வைக்காகப் படைக்கப்பட்டவர் என்ற நினைப்பு முழுசா மாறவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கவர்ச்சி இல்லாவிட்டால் விற்காது என்ற வாதத்தை இந்த கேம் உடைத்தது. விற்பனை 1 கோடியைத் தாண்டியது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983 முதல் 2014 வரையிலான கேம்களில், ஆடக்கூடிய 571 பெண் பாத்திரங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். 1990-களில் உச்சத்தில் இருந்த இந்தப் போக்கு, பிறகு குறைந்திருப்பது தெரிந்தது. முக்கிய நாயகிகளைவிடத் துணைப் பாத்திரங்களே அதிகம் கவர்ச்சியாகக் காட்டப்படுகிறார்கள் என்பதும் தெரிந்தது. கதையில் வேலை குறையக் குறைய உடையும் குறைகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பாதிப்பு உண்டா? இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் 86 பெண்களை வைத்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், விஆர் கருவி மூலம் கவர்ச்சியான உடையுள்ள உருவத்தில் இருந்தவர்கள், பிறகு தங்கள் உடல் குறித்து அதிகம் யோசித்தார்கள். அந்த உருவத்துக்கு அவர்களுடைய முகமே இருந்தபோது, பாலியல் வன்கொடுமைக்குப் பெண்ணையே குறைசொல்லும் கருத்துகளை ஏற்கும் போக்கும் கூடியது. ஆனால் கிறிஸ்டோஃபர் ஃபெர்குசன் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வெளியிட்ட கட்டுரை, கேம்களால் பெண் வெறுப்போ மனநலக் குறைவோ ஏற்படுகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்கிறது. ஆகவே கேம் ஆடினால் பையன் கெட்டுப்போவான் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. பாதிப்பை நிரூபிக்க முடியவில்லை என்பதால் கேள்வியே கேட்கக் கூடாது என்பதும் சரியல்ல.

கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

அனிதா சர்க்கீசியன் 2012-ல் கேம்களில் பெண் சித்தரிப்பு பற்றி வீடியோ தொடர் எடுக்க மக்களிடம் 6,000 டாலர் கேட்டார். 1.58 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. கூடவே மிரட்டல்களும் வந்தன. அவர் படத்தை அடித்து ரத்தக்களரி ஆக்கும் ஒரு கேமைக்கூட உருவாக்கினார்கள். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்தபோது, கூட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடத்துவோம் என்று மின்னஞ்சல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி, உரிமம் உள்ளவர்கள் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியாது என்றார்கள். அவர் நிகழ்ச்சியை ரத்து செய்தார். ஒரு கேமை விமர்சித்ததற்கு!

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில் ஆபி என்ற பெண்ணுக்குத் திரண்ட தசைகள். கதையில் ஆபி செய்ததும், அந்த உடம்பும் சிலருக்குப் பொறுக்கவில்லை. குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது. 'ஹொரைசன்' கேம் நாயகி எலாயின் கன்னத்தில் மெல்லிய முடி தெரிந்ததற்கும் புகார் எழுந்தது. பெண்களுக்குக் கன்னத்தில் முடி இருக்கும் என்பதே செய்தியாகிப்போன நேரம் அது.

ஆண் ஹீரோக்களும் சட்டையில்லாமல் வருகிறார்களே என்ற கேள்வி அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான். 'காட் ஆஃப் வார்' கிராட்டோஸ் பாதி உடையில்தான் திரிகிறார். ஆனால் அந்த உடம்பு, ஆடுபவர் தானும் அப்படி இருக்க ஆசைப்படுவதற்காகச் செய்தது. பின்னால் நின்று ரசிப்பதற்காக அல்ல. அதேபோல் எல்லாக் கவர்ச்சியும் ஆண்கள் வரைந்தது என்றும் சொல்ல முடியாது. 'பேயோனெட்டா' நாயகியை வடிவமைத்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண் ஓவியர். தன் கவர்ச்சியைத் தன் கையில் வைத்திருக்கும் பாத்திரம் என்று பேயோனெட்டாவைக் கொண்டாடும் பெண்கள் நிறைய. கேமரா மட்டும் பல இடங்களில் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. 2021 ஜூலையில் கலிஃபோர்னியா அரசு அமைப்பு, பெண் ஊழியர்களிடம் பாகுபாடு, துன்புறுத்தல் என்று ஆக்டிவிஷன் பிளிஸார்டு மீது வழக்குத் தொடுத்தது. 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வழக்கு வந்த சில வாரங்களில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' கேமுக்குள் சுவரில் தொங்கிய சில பெண் ஓவியங்கள் பழக்கிண்ண ஓவியங்களாக மாறின. சுவரில் படத்தை மாற்றுவது எளிது.

மொபைலில் கவனிக்க வேண்டியது

இப்போது இந்தப் பிரச்சினை கன்சோலைவிட மொபைலில்தான் அதிகம். காரணம் பணம். பல கேம்கள் இலவசம், உடைக்குத்தான் காசு. அந்த உடைக்கு கேம் மொழியில் 'ஸ்கின்' என்று பெயர், பொருத்தமான பெயர்தான். புதிய கோடைகால உடை, இத்தனை நாள் மட்டும் என்று வரும் அறிவிப்புகளில் என்ன மாதிரி உடை இருக்கிறது என்று பார்த்தாலே வியாபாரம் புரியும்.

இந்தியாவில் கேம்களுக்கென்று சினிமா போல் தணிக்கை வாரியம் இல்லை. கூகுள் பிளேயில் காட்டும் 3+, 7+, 12+, 16+, 18+ என்ற வயது எண், கேம் தயாரித்தவர் ஒரு கேள்விப்பட்டியலுக்குத் தரும் பதில்களை வைத்து சர்வதேச அமைப்பான ஐஏஆர்சி முறையில் வருவது. அந்த எண்ணுக்குக் கீழே காரணமும் இருக்கும், அதையும் படியுங்கள். ஆனால் கேமரா எங்கே நிற்கிறது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. பிள்ளை ஆடும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். போனைப் பிடுங்க வேண்டாம், இந்த அக்கா ஏன் இந்தக் குளிரில் இப்படி டிரெஸ் போட்டிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளுக்கே சிரிப்பு வந்துவிடும்.