புற்றரையும் பாதையும்: கோல்ப் கழக வரலாற்றில் மன்னாரின் இடம்

இலங்கையின் கோல்ப் கழகங்களைப் பற்றிப் பேசுவோர் கொழும்பையும் நுவரெலியாவையும் கூறுவர். அண்மைக்காலத்தில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையையும் சேர்த்துக்கொள்வர். மன்னாரை எவரும் கூறுவதில்லை. கூறுவதற்கு அங்கே பெயர்பெற்ற திடல் எதுவும் இல்லை. ஆயினும், ஓர் ஆட்டத்தின் வரலாறு ஆடியவர்களின் வரலாறு மட்டுமன்று. ஆடுவதற்கான நிலம் எவ்வாறு கிடைத்தது, நேரம் எவ்வாறு கிடைத்தது, இவ்விரண்டையும் யாருடைய உழைப்பு ஈட்டிக்கொடுத்தது என்னும் வினாக்களை எழுப்பும்போது, மலைநாட்டின் புற்றரையிலிருந்து மன்னார்க் கரைவரை ஒரு பாதை நீண்டு செல்வதைக் காண்கிறோம். அப்பாதையின் வழியே கழக வரலாற்றை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

கோல்ப் ஆட்டம் பிறப்பிலேயே மேட்டுக்குடியினருக்கு உரியது என்பது பரவலான எண்ணம். வரலாறு இதனை முற்றாக ஆதரிக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடந்த மணற்பாங்கான புல்வெளிகளிலேயே இவ்வாட்டம் வளர்ந்தது. 'லிங்க்ஸ்' எனப்பட்ட இந்நிலம் உழவுக்கு உதவாதது. ஆடு மேய்ந்த ஊர்ப் பொதுநிலம். வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக உள்ளதென்று கூறி ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 1457-இல் இவ்வாட்டத்தைத் தடைசெய்தது. மக்களிடையே பரவாத ஒன்றைத் தடைசெய்ய எந்த அரசும் சட்டம் இயற்றுவதில்லை என்பது மனங்கொளத்தக்கது.

1744-இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் ஆட்டத்தின் விதிகள் எழுத்துருப் பெற்றன. 1754-இல் சென் அன்றூசில் கனவான்களின் சங்கம் தோன்றிற்று. அங்கே 1764-இல் திடல் பதினெட்டுக் குழிகளாக ஒழுங்குசெய்யப்பட்டது. பின்னர் உலகெங்கும் இதுவே அளவாயிற்று. இவ்வாறு கனவான்களின் சங்கங்கள் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்ட போதிலும், சென் அன்றூசின் நிலம் 1894-ஆம் ஆண்டின் சட்டத்தின்மூலம் நகரசபையின் கைக்கு மீண்டது. உலகப் புகழ் வாய்ந்த அத்திடல் இன்றும் பொதுத் திடலே. எனவே, விலக்கிவைக்கும் பண்பு ஆட்டத்தின் இயல்பில் உள்ளதன்று. அது ஆடப்பட்ட சமூக உறவுகளின் விளைவு என்பது தெளிவு. காலனித்துவ நாடுகளுக்கு இவ்வாட்டம் வந்தபோது பொதுநிலத்து மரபு உடன்வரவில்லை; கழகமே வந்தது. 1829-இல் கல்கத்தாவில் தொடங்கிய கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே எழுந்தவற்றுள் மிகப் பழையது. வணிகத்தையும் ஆட்சியையும் தொடர்ந்தே கோல்ப் பரவியது.

2

மன்னாரின் எதிர்க்கரையில், பழந்துறையான மாதோட்டத்துக்குத் தெற்கே அரிப்பு என்னும் ஊர் உள்ளது. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கே ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கப் பாணித் தூண்களைக் கொண்டமையால் அது 'டொரிக்' மாளிகை எனப்பட்டது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வரும் தேசாதிபதி தங்குவதற்கான இல்லம் அது. கீழே கடலில், இரு கரைகளையும் சேர்ந்த தமிழரும் முஸ்லிம்களும், அரபு நாட்டாரும் மூச்சடக்கி மூழ்கினர். மேலே தூண்களின் நிழலில் ஆட்சியாளர் காற்று வாங்கினர். 1906-இல் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கம்பனியிடம் விடப்பட்டன. குத்தகைக் காலம் முடியுமுன்பே அக்கம்பனி மறைந்தது. இன்று அம்மாளிகையை அலைகள் அரித்துச் சிதைத்துவிட்டன.

இதனை நாம் எடுத்துக்காட்டுவதற்குக் காரணமுண்டு. அரிப்பில் உழைப்பும் ஓய்வும் ஒரே கரையில், ஒன்றையொன்று காணும் தூரத்தில் இருந்தன. சுரண்டலை மறைக்க அங்கே திரையில்லை. பெருந்தோட்டப் பொருளாதாரம் வளர்ந்தபின், ஓய்வுக்குரிய இடம் மலையுச்சிக்குச் சென்றது; உழைப்பு வந்துசேர்ந்த துறை மன்னாரிலேயே நின்றது. இரண்டும் கண்ணுக்கெட்டாத் தூரமாயின.

3

1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமையை நிறுவ இயலாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அவ்வாறு பெற்ற நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்னும் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவருள் அரசாங்க உத்தியோகத்தர் பலர் இருந்தனர். நிலம் கிடைத்தது, உழைப்பு வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்கள் கங்காணிமாரின் கீழ்த் திரட்டப்பட்டனர்.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகளில் மன்னாருக்கு வந்திறங்கியோர், அங்கிருந்து வன்னிக் காடுகளின் ஊடாக, அநுராதபுரம், தம்புள்ளை வழியே மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். நீரில்லாத நெடுவழி, வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பசியும் உடன்நடந்தன. 1841-க்கும் 1849-க்கும் இடையில் வந்தோருள் 70,000 பேர் இறந்தனரெனக் 'கொழும்பு ஒப்சேவர்' இதழ் அக்காலத்திலேயே மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் இவ்வெண்ணிக்கையை விவாதத்துக்கு உள்ளாக்கியுள்ளனர். அது குறைக்கப்படினும், அவ்வழி சாவின் வழியாக இருந்தது என்னும் உண்மை குறையப்போவதில்லை.

கோப்பிக் காலத்தில் இவ்வுழைப்பு பெரும்பாலும் பருவகால உழைப்பு. அறுவடை முடிந்ததும் பலர் அதே பாதையில் திரும்பினர். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறியது இம்மாற்றத்தாலேயே.

4

இம்மாற்றத்தின் மறுபக்கமே கழகம். தொடக்ககாலக் கோப்பித் துரை பெரும்பாலும் தானே காடு வெட்டுவித்து, குடிசையில் தங்கி, இலாபத்துக்கும் நட்டத்துக்கும் தானே பொறுப்பானவன். தேயிலையோடு இலண்டன் கம்பனிகளின் ஆதிக்கம் பெருகிற்று. சம்பளம் பெறும் துரைமார் என்ற நிலையான வர்க்கப்பிரிவு உருவாயிற்று. ஒழுங்குபட்ட வேலையும் ஒழுங்குபட்ட ஓய்வும் இவர்களுக்கு வாய்த்தன. நுவரெலியாவில் ஹில் கிளப் 1876-இல், கோப்பியின் செழிப்புக் காலத்தில் எழுந்தது. 1885-இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. 1889-இல் கோல்ப் கழகம் தோன்றிற்று. தேயிலை, புகையிரதம், புற்றரை என்ற இவ்வரிசை தற்செயலானதன்று.

கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்குமேல், நகரின் நடுவே விரியும் அப்பதினெட்டுக் குழித் திடலை ஸ்கொட்லாந்தின் நினைவாகவே துரைமார் கண்டனர். ஆயின் மணற்கரையில் இயற்கை தந்த புல்லை இங்கே மனிதக் கைகளே தரவேண்டியிருந்தது. சரிவை நிரவி, வடிகால் வெட்டி, புல்லைப் பேணி, மட்டைப் பையைச் சுமந்து, தவறிய பந்தைத் தேடும் உழைப்பின்றி இவ்வாட்டம் ஒரு நாளும் நடவாது. 'இயற்கை அழகு' எனப் பாராட்டப்படுவது உறைந்துபோன உழைப்பே. ஒரு வர்க்கத்தின் ஓய்வுநேரம் மற்றொரு வர்க்கத்தின் வாழ்நாள் முழுவதையும் உழைப்புநேரமாக மாற்றுவதால் கிடைப்பது என்று 'மூலதன'த்தில் மார்க்ஸ் காட்டிய உண்மைக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை.

கொழும்பின் கதையும் இதற்கு இயைந்ததே. பொதுமக்கள் உலாவும் காலிமுகத்திடலில், 1879-இல் நிறுவப்பட்ட கழகத்தார் முதலில் ஆடினர். 1896-இல் கழகம் பொறளைப் பகுதியில் தனக்கெனத் திடல் கண்டு, தேசாதிபதி றிஜ்வேயின் பெயரை அதற்குச் சூட்டியது. 1928-இல் 'றோயல்' என்னும் அரச பட்டம் கிடைத்தது. களனிவெளிப் புகையிரதப் பாதை அத்திடலின் ஊடாகச் செல்கின்றது. நெரிசலில் நின்று பயணஞ்செய்யும் உழைப்பாளர் சன்னல் வழியே ஒரு கணம் புற்றரையைக் காண்கின்றனர். நிலவுடைமை வேறு, பார்வை வேறு என்பதை நாள்தோறும் உணர்த்தும் காட்சி அது.

5

சுதந்திரத்தின்பின் கழகங்களில் துரைமாரின் இடத்தைச் சுதேச மேட்டுக்குடியினர் பெற்றனர். இதனைச் சிலர் சமத்துவத்தின் வெற்றியாகக் கருதலாம். மாறியது ஆடுவோரின் நிறம்; சுமப்போரின் நிலையன்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே உள்நாட்டு ஆளும் வர்க்கமே கழகத்தின் கதவைத் தனக்குத் திறந்துகொண்டது என்பதை நாம் இணைத்து நோக்குதல் வேண்டும்.

1985-இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரை நீரில் மூழ்கடித்தது. உழவுக்கும் மின்சாரத்துக்குமென அமைந்த அந்நீர்த்தேக்கத்தின் கரையில், 1990-களின் பிற்பகுதியில் கோல்ப் திடலுடன் கூடிய தனியார் உல்லாசக் குடியிருப்பு எழுந்தது. மக்களின் இடப்பெயர்வில் பிறந்த நீர்ப்பரப்பு, வசதி படைத்தோருக்குக் காட்சிப்பொருளாயிற்று. காலனித்துவம் நீங்கினும் அதன் இட ஒழுங்கு நீங்கவில்லை.

6

மீண்டும் மன்னாருக்கு வருவோம். 1914-இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் தொடங்கின. நடைவழி முடிந்து, மண்டபம் முகாமின் வழியே ஆட்கள் ஏற்றிவரப்பட்டனர். 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டது. தனுஷ்கோடியை அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் அழித்தபின், இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில் அம்மக்கள் ஏற்றப்பட்டனர். பாட்டன் இறங்கிய கரையில் பேரன் அழுதுகொண்டு கப்பலேறினான். 1984-இல் சேவை நின்றது. போரில் அழிந்த புகையிரதப் பாதை 2015-இல் தலைமன்னார்வரை மீள அமைக்கப்பட்டது. வந்து போனவர்களின் சுவடு அங்கு இல்லை.

நுவரெலியாத் திடலை அடுத்த பழைய கல்லறையில் மேஜர் றோஜர்ஸ் புதைக்கப்பட்டுள்ளார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பெயர்பெற்று, 1845-இல் மின்னல் தாக்கி இறந்தவர் அவர். அவருக்குக் கல்லும் பெயரும் உண்டு. வரலாற்று நூல்களில் இடமும் உண்டு. அவர் இறந்த அதே பத்தாண்டில் மன்னார்ப் பாதையில் வீழ்ந்தோருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

அவர்களுக்கு எஞ்சியிருப்பது இலக்கியமே. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களும், தோட்ட வாழ்வின் கொடுமையைச் சொல்லும் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் கழக ஆவணங்கள் சொல்லாதவற்றைச் சொல்கின்றன. இவற்றை அழகியல் நோக்கில் மட்டும் அணுகாது வரலாற்றுச் சான்றுகளாகவும் கொள்ளுதல் ஆய்வாளர் கடன். ஆடியவர்களின் பெயர்கள் கழகச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. நடந்தவர்களின் பெயர்களைத் தேடும் பணி நம்முன் உள்ளது. அப்பணியை மன்னார்க் கரையிலிருந்தே தொடங்க வேண்டும்.