அக்கரைப் பணமும் ஊரின் கண்ணும்

வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி நம் அறிஞர்கள் இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள்: எவ்வளவு வந்தது? எதில் முதலீடானது? வீடு கட்டினான், நகை வாங்கினான் என்றால் அது வீண்செலவுக் கணக்கில் போய்விடும். சேரியின் வரலாற்றை அறிந்தவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்தனர். ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இல்லையேல் தண்ணீர் கிடையாது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒன்றுமில்லாதவனிடம் போய் நகை போடாதே என்று யாரும் சொல்வதில்லை. நிலமில்லாதவனிடம் நிலத்தை விற்றுவிடு என்றும் சொல்வதில்லை. இராமநாதபுரம் அன்று இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் போய்க்கொண்டிருந்த சீமை. கங்காணிக் கடன் போக மிஞ்சியது சொற்பம்தான். ஆனால் அது மிராசுதார் களத்தில் அளந்து போட்ட நெல் அல்ல. தடைகளுக்கு அக்கரைப் பணம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் புதிய அரசியலும் சேர்ந்தே ஊரை உறுத்தின. என்றாலும், தடுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை கையில் காசிருந்தால் வாங்கக்கூடியவை.

அறுபத்தைந்து ஆண்டுகள் தள்ளி, தூத்துக்குடி மாவட்டக் கொடியன்குளத்துக்கு வாருங்கள். வளைகுடாவில் வேலைபார்த்த பிள்ளைகளின் பணத்தில் ஓரளவு நிமிர்ந்திருந்த தலித் கிராமம் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஏறக்குறைய 600 போலீசார் உள்ளே புகுந்தனர். தேடுதல் என்றுதான் பெயர். தேடி வந்தவர்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியையும் தையல் எந்திரத்தையும் நொறுக்க என்ன அவசியம்? குடிநீர்க் கிணற்றையும் நஞ்சாக்கினார்கள். 1931இல் நாட்டார் வாயால் சொன்னதை இங்கே அரசின் சீருடை கையால் செய்தது.

அரசு அறிவித்த நிவாரணத்தைக் கொடியன்குளத்து மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்.