பிலிமின் இடத்தில் ஒரு சில்லு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பால'னையும், 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வர்ணப் படத்தையும் எடுத்த ஸ்டூடியோ. சேர்வராயன் மலையடிவாரத்தில் அந்நாளில் ஓடிய பிலிமுக்குக் கணக்கேது? பிறகு 1967-ல், பாரத நாடே சொந்தமாகப் பிலிம் செய்யத் துணிந்தபோது, உதகமண்டலத்தில் 'இந்து' பிலிம் ஆலை ஓடத் தொடங்கியது. பிலிமுக்குத் தூசியில்லாத காற்று வேண்டுமே!

ஸ்டூடியோ போயிற்று, ஆலையும் மூடப்பட்டது. காமிராக்கள் மட்டும் நம் அலமாரிகளில் கண் மூடாமல் இருக்கின்றன. பிலிமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒளியுணரும் சில்லு ஒன்றை வைத்தால் அவை பிழைக்காதா?

இந்தக் காரியத்தில் முந்திக்கொண்டது பிலிம் விற்ற கோடக் கம்பெனியே என்பதுதான் வேடிக்கை. 1975-ல் அங்கே ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர், மூவி காமிராவின் லென்ஸ் ஒன்றை வைத்து, பிலிமில்லாக் காமிரா செய்தார். படத்தில் பதினாயிரம் புள்ளிகள்தான்; அதை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள். 1978-ல் காப்புரிமையும் கிடைத்தது. பிலிமில் லாபம் கொட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அதைக் கடைக்குக் கொண்டுவர என்ன அவசரம்?

1991-ல்தான் பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒன்றை விற்றார்கள். நிக்கான் எப்-3 என்ற பிலிம் காமிராவின் முதுகில் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சில்லைப் பொருத்தினார்கள். படங்கள் சேரும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். கல்யாண வீட்டில் டார்ச் விளக்குப் பிடிக்கிறவர் மாதிரி!

சில்லு வைப்பது சுலபமல்ல. பிலிம் கட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர். அந்தச் சில்லோ சுமார் 20க்கு 16. லென்ஸ் முழுக் காட்சியைக் கொடுத்தாலும் நடுத் துண்டை மட்டுமே அது வாங்கிக்கொள்ளும். லேடீஸ் சீட்டில் நின்று, சேலத்துச் சமவெளி முழுவதையும் அடக்கும் 28 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், கிடைப்பது சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸின் காட்சி. விளிம்பிலிருக்கும் குன்றுகள் தொலைந்துவிடும். மேலும், பிலிம் படியும் தளத்திலேயே சில்லும் இம்மியளவு பிசகாமல் இருக்க வேண்டும். ஆனால் சில்லுக்கு முன்னே ஒரு கண்ணாடி மூடி உண்டு, அதற்கும் முன்னால் ஷட்டர் திரை. பிலிமுக்கு யாரும் சேதி சொல்ல வேண்டாம்; சில்லுக்கோ, திரை எப்போது விலகுகிறதென்று மின்சாரத்தால் தெரிவிக்க வேண்டும்.

1998-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி, பிலிம் சுருள் வடிவத்திலேயே சில்லைச் செய்து எந்தக் காமிராவிலும் போடலாம் என்று ஆசை காட்டியது. அமெச்சூர்கள் காத்திருந்தார்கள். சரக்கு கடைக்கு வரவில்லை. 2001-ல் வேலையே நின்றது. லைக்கா கம்பெனி தன் ஆர்-8, ஆர்-9 காமிராக்களுக்கு முதுகு செய்து 2005-ல் விற்றது. அதுவும் இரண்டே வருஷந்தான்.

கடைசியில் பலித்தது வேறு வழி. உடலை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் கழற்றினார்கள். உள்ளே ஆடி இல்லாத புதுக் காமிராக்களில் லென்ஸுக்கும் சில்லுக்கும் இடைவெளி குறைவு. நடுவே ஓர் உலோக வளையம் போட்டால் தாத்தா காலத்து லென்ஸும் வேலை செய்கிறது. முழுக் கட்டச் சில்லாக இருந்தால் லேடீஸ் சீட்டின் ஓரக் குன்றுகளும் படத்தில் விழுகின்றன. காமிராவின் உடல் மட்டும் அலமாரியில் கிடக்கிறது.