கிருமியில்லாத தொற்றுநோய்

பப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் போரே என்னும் மக்கள் வாழ்கின்றனர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களைக் கொடிய நோயொன்று வாட்டியது. நடை தள்ளாடும், உடல் நடுங்கும், பேச்சுக் குழறும், ஏறக்குறைய ஓராண்டில் மரணம் நேரும். மாண்டோரிற் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமே. நடுக்கம் எனப் பொருள்படும் 'கூரு' என்ற சொல்லால் மக்கள் அதனை அழைத்தனர். சூனியத்தின் விளைவென நம்பிச் சிலரைக் கொல்லவும் செய்தனர்.

1957இல் வின்சென்ட் சிகாஸ், கார்ள்டன் கஜ்டுசெக் என்னும் மருத்துவர்கள் இந்நோயை உலகிற்கு அறிவித்தனர். நோயாளரிடம் காய்ச்சலில்லை, கிருமியும் தென்படவில்லை. பரம்பரை நோயாகலாம் எனக் கருதப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அம்மக்களிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஷெர்லி லிண்டன்பாம், ரொபர்ட் கிளாஸ் ஆகியோரே உண்மையை நெருங்கினர். இறந்த உறவினரின் உடலை உண்பது போரே மக்களின் ஈமக்கடனாக இருந்தது. புழுவுக்கு இரையாக விடுவதிலும் அன்புடையோர் தம்முள் ஏற்பதே மேலென அவர்கள் எண்ணினர். மூளையை உண்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே.

கூருவால் இறந்தோரின் மூளைச்சாறு செலுத்தப்பட்ட சிம்பன்சிகளும் நோயுற்றமை 1966இல் வெளியிடப்பட்டது. மிக மெதுவாகச் செயற்படும் வைரசே காரணமென அப்போது கருதப்பட்டது.

வைரசு என்பது புரத உறையினுள் பொதிந்த மரபுப்பொருள். அது உயிர்க்கலத்தினுட் புகுந்து, அக்கலத்தைக் கொண்டே பெருகும். மரபுப்பொருளைச் சிதைக்கும் கதிர்வீச்சு அதனை அழித்துவிடும். ஆனால் கூருவை ஒத்ததும் செம்மறியாடுகளைத் தாக்குவதுமான ஸ்கிரேப்பி நோயின் காரணி, அத்தகைய கதிர்வீச்சையும் தாங்கி நின்றது. இலண்டனில் டிக்வா அல்பர் இதனை 1960களிற் காட்டினார். 1982இல் அமெரிக்கரான ஸ்டான்லி புருசினர் இக்காரணிக்குப் 'பிரியோன்' எனப் பெயரிட்டார். அது வெறும் புரதம். எமது மூளையில் இயல்பாக உள்ள புரதமொன்றே பிறழ மடிந்து, அடுத்துள்ள நற்புரதங்களையும் தன்னைப்போல் மாற்றுகிறது. சமையற் சூட்டில் அது அழிவதில்லை.

1986இல் பிரித்தானிய மாடுகளில் இதே வகை நோய் கண்டறியப்பட்டது. மாட்டின் இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாட்டுக்கே தீவனமாக்கியதால் அது பரவியது. மனிதருக்கு ஆபத்தில்லையெனக் கூறிவந்த அரசு, 1996 மார்ச் 20இல் மனித மரணங்களுடன் அதற்குத் தொடர்பிருக்கக்கூடும் என அறிவித்தது. பிரித்தானியாவில் 178 பேர் மாண்டனர். நோய் குருதி வழியே பரவலாம் என்ற அச்சத்தால், 1980 முதல் 1996 வரையான காலத்தில் அங்கு ஆறு மாதங்களேனும் வாழ்ந்தோரின் குருதியை அவுஸ்திரேலியா 2022 வரை ஏற்கவில்லை. இலண்டனிலிருந்து அங்கு குடிபெயர்ந்த எம்மவருக்கும் இவ்விதி பொருந்திற்று.

போரே மக்களோ, அரச தடையின் பின் 1960ஆம் ஆண்டளவில் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். அதன் பின்னர் பிறந்த எவரையும் கூரு தீண்டவில்லை. முன்னரே தொற்றியிருந்தோர் சிலருக்கு மட்டும் ஐம்பதாண்டுகள் கழித்தும் அது வெளிப்பட்டது. பிரியோன் என்ற பெயர் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அவர்தம் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டுவிட்டனர்.