சின்னக் கல்லூரியில் தொடங்கி மானிடவியலுக்கு

போன வருஷம் பெரியம்மாவின் மகளிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அக்கா வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் படிக்கிறார், பாடங்களில் ஒன்று சமூகவியல். "ஏன் அக்கா, ஏ.எல் இன்னொருக்கா எழுதியிருந்தா கெம்பஸுக்கே வந்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. "நீ படிக்கிற புத்தகத்தத்தான் நானும் படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் எங்களுக்கு விரிவுரையில் சாதி, படிநிலை, அந்தஸ்து பற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. யாரை மேலே வைப்பது, யாரைக் கீழே வைப்பது என்பதைப் பிறப்பு தீர்மானிப்பது எவ்வளவு அநியாயம் என்று குறிப்பு எழுதிய அதே கையால்தான், "உள்வாரி", "வெளிவாரி" என்று ஆட்களை இரண்டாகப் பிரித்தும் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் தூரமாக ஒருவரைப் பார்ப்போம். ரொபர்ட் ஹைசர் 1915இல் பிறந்தவர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். பூர்வகுடி மக்கள் விட்டுச்சென்ற பொருட்களைத் தேடிச் சேர்ப்பதில் சின்ன வயதிலேயே அவருக்குப் பைத்தியம். பேர்க்லியில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்க ஆசை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் அனுமதிக்குக் கேட்ட பாடங்கள் அவருடைய பள்ளிக்கூடத்தில் முழுமையாக இல்லை. பிள்ளையிடம் குறை இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் பாடம் இல்லை. நம்ம தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாமல் எத்தனையோ பேர் கலைப்பிரிவுக்கு வந்த கதைதான் இதுவும்.

1932இல் ஹைசர் சாக்ரமென்டோ ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு வருடம் படிக்கிற உள்ளூர்க் கல்லூரி அது. அங்கே ஜெரமையா லிலர்ட் என்ற கல்லூரித் தலைவர் இருந்தார். அவருக்குத் தொல்லியலில் ஆர்வம் அதிகம், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மண்மேடுகளை அகழப் போவார். ஹைசர் அங்கேதான் வேலை பழகினார். 1934இல் பேர்க்லிக்கு மாறினார். 1936இல் பட்டம், 1941இல் மானிடவியலில் கலாநிதிப் பட்டம். பிறகு அதே பேர்க்லியில் பேராசிரியர். மத்திய கலிபோர்னியாவின் தொல்லியல் பற்றி 1939இல் லிலர்டோடு சேர்ந்து எழுதிய நூலும் உண்டு. பின்னாளில் மெக்சிகோவில் ஒல்மெக் மக்களின் லா வென்டாவை ஆய்வு செய்தவர்களில் அவரும் ஒருவர்.

ஹைசரின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னக் கல்லூரிக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருந்ததையும் கவனிக்க வேண்டும். 1901இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில், ஆறு மாணவர்களோடு முதலாவது பொது ஜூனியர் கல்லூரி தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடத்தைச் சொந்த ஊரிலேயே படித்துவிட்டு, மிச்சத்துக்குப் பல்கலைக்கழகம் போகலாம் என்பதுதான் யோசனை. கலிபோர்னியா 1960இல் இந்த மாற்றத்தை மாநிலத்தின் உயர்கல்வித் திட்டத்திலேயே எழுதி வைத்தது. முதல் இரண்டு வருடம் படித்தது வீணாகாது, அதை அடுத்த இடத்துக்குக் கொண்டு போகலாம். இதற்குத்தான் கதவு என்கிறேன்.

"அது அமெரிக்கா, நமக்கு ஒத்துவராது" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம்ம நாட்டு முதல் பல்கலைக்கழகம் எப்படித் தொடங்கியது? 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று திறந்தார்கள். அதற்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கிற அதிகாரம் கிடையாது. படிப்பு கொழும்பில், பரீட்சையும் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகத்துடையது. அதாவது அங்கே படித்த எல்லாரும், இன்றைய பாஷையில் சொன்னால், வெளிவாரி! 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. 1952இல் அது பேராதனைக்கு வந்தது. இன்று நாங்கள் பெருமையோடு "பெரா" என்று சொல்கிற இடத்தின் கொள்ளுத்தாத்தா ஒரு வெளிவாரிக் கல்லூரிதான்.

மானிடவியல் இங்கே சமூகவியலோடு கையைக் கோத்துக்கொண்டுதான் வந்தது. சமூகவியலுக்கு அத்திவாரம் போட்டவர் அமெரிக்காவிலிருந்து வந்த பிரைஸ் ரயன். இலங்கையின் சாதி பற்றி 1953இல் நூல் எழுதியவர். அடுத்த தலைமுறையில் வந்தவர் ஸ்டான்லி ஜெயராஜ தம்பையா. 1929இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டம், 1954இல் கோர்னெல்லில் கலாநிதிப் பட்டம். திரும்பி வந்து இங்கேயே சமூகவியல் படிப்பித்தார்.

கட்டுகஸ்தோட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. மடவளை, வத்தேகம பக்கம் போனால் வருகிற பகுதி பாத்ததும்பறை. அந்தக் கிராமங்களை ஆய்வு செய்து தம்பையாவும் என்.கே. சர்க்காரும் 1957இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். காணி இல்லாத குடும்பங்கள், துண்டு துண்டாகிப்போன வயல், வேலை தேடி வெளியே போகிற ஆட்கள் என்று, சிதைந்துகொண்டிருக்கும் ஒரு கிராமத்தின் கணக்கு அது. நாங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊர்கள்! 1956இல் கல்லோயாப் பகுதியில் மாணவர்களோடு ஆய்வில் இருந்தபோது அங்கே இனக்கலவரம் வெடித்ததையும் தம்பையா நேரில் அனுபவித்தார். பிறகு தாய்லாந்து, கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்ட். தாய்லாந்தின் பௌத்தம் பற்றி எழுதிப் பெயர் பெற்ற அவர், 1983க்குப் பிறகு இலங்கையின் இன வன்முறை பற்றியும் திரும்பத் திரும்ப எழுதினார்.

இன்னொருவர் கணநாத் ஒபேசேகர. அவர் 1955இல் இங்கே பட்டம் எடுத்தது ஆங்கில இலக்கியத்தில். மானிடவியலுக்கு வந்தது அதற்குப் பிறகு, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். கடைசியில் பிரின்ஸ்டனில் பேராசிரியர். பதினெட்டு வயதில் தெரிவு செய்த பாடத்தோடு ஆள் முடிந்துபோவதில்லை என்பதற்கு அவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இவர்கள் இரண்டு பேருக்கும் முதல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அது திறக்காதவர்களுக்கு என்ன வழி?

அதற்கு ஒரு முயற்சி நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து மகாவலி ஓடுகிற திசையில் கொஞ்சத் தூரம் போனால் பொல்கொல்ல. 1976இல் திறந்த அணைக்கட்டு எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 80களின் கடைசியில் தெற்கில் நடந்த இளைஞர் கிளர்ச்சியும் அதை அடக்கியபோது விழுந்த உயிர்களும் நாட்டை உலுக்கின. இளைஞர்களின் அதிருப்தியை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1990இல் வந்தது. பல்கலைக்கழகக் கதவுக்கு வெளியே நிற்கிற இளைஞர்களின் பிரச்சினை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த வருடமே மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். இரண்டு வருட டிப்ளோமா. மத்திய மாகாணத்துக்குப் பொல்கொல்ல, வட மாகாணத்துக்கு வவுனியா.

அந்தக் கல்லூரிகள் நீண்ட காலம் அப்படியே இருக்கவில்லை. 1996இல் ரஜரட்டப் பல்கலைக்கழகம் உருவானபோது பொல்கொல்லக் கல்லூரி அதற்குள் போனது. பொல்கொல்ல அணையில் திருப்பிய தண்ணீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குப் போய், அங்கிருந்து ரஜரட்ட வயல்களுக்குப் போகிறது. கல்லூரியும் அதே திசையில் போய்விட்டது. வவுனியாக் கல்லூரி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது, 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது.

இது நல்ல விஷயம்தான். வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? ஆனால் கல்லூரி பல்கலைக்கழகமாகப் பெயர் மாறும்போது, அதுவும் ஏ.எல் வெட்டுப்புள்ளிக்குள் வந்தவர்களுக்கான இடமாகிவிடுகிறது. வெளியே நின்றவர்களுக்காகக் கட்டிய வீட்டுக்கும் அதே பூட்டு. நம்ம நாட்டில் கல்லூரிகள் மேலே போயிருக்கின்றன, மாணவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகிற கதவுதான் ஒழுங்காக வரவில்லை. இன்றைக்கும் வெளியே இரண்டு வருடம் நல்லாப் படித்த ஒருவர், அந்தப் படிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரச பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கு வருவது பொதுவாக நடப்பதில்லை.

மற்றப் பாடங்களை விட மானிடவியலுக்கு இது பெரிய நட்டம். லயத்தில் வளர்ந்தவருக்கும், கட்டுகஸ்தோட்டைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் படிப்பவருக்கும் பாத்ததும்பறை பற்றிக் கேட்கத் தெரிந்த கேள்விகள், ஹொஸ்டலில் இருந்து புத்தகம் புரட்டுகிற எனக்குத் தோன்றாது. அந்தக் கேள்விகள் ஆய்வாக மாற ஒரு நூலகமும், வழிகாட்ட ஒரு ஆசிரியரும் வேணும். ஹைசருக்குச் சாக்ரமென்டோவில் ஒரு லிலர்ட் கிடைத்தார், இரண்டு வருடத்தில் பேர்க்லியும் கிடைத்தது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடு, நோட்ஸ் இருக்கா?" என்றார். இப்போது மாதம் ஒருமுறை கட்டுகஸ்தோட்டையில் சந்திக்கிறோம். நான் ரயன் பற்றி எடுத்த குறிப்புகளைக் கொடுக்கிறேன். அக்கா தன் வேலையிடத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிற கொப்பியை வாசிக்கத் தருகிறார். எங்கள் வகுப்பில் இதுவரை நான் வாசித்த எந்த ஒப்படையை விடவும் அது நல்லா இருக்கிறது.