மலையடி வீடும் ஃபெங் சுய்யும்: ஹாங்காங் சொல்லும் கதை

ஃபெங் சுய் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் சிரிக்கும் புத்தர் பொம்மைதான். எனக்கும் அப்படித்தான். கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இதற்குப் பொம்மையை விட மலையோடுதான் உறவு அதிகம் என்று. (வணிகவியல் மாணவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்குக்கு வருகிறேன் :-))

ஃபெங் என்றால் காற்று, சுய் என்றால் நீர். சீனாவின் ஜியாங்சி மலைப்பகுதியில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாங் யுன்சோங் என்பவரின் பெயரால் ஒரு மரபு வளர்ந்தது. திசைகாட்டியை விட மலையின் வடிவத்தைப் பார்த்து இடம் தேர்வு செய்வது அதன் வழி. வீட்டுக்குப் பின்னால் உயர்ந்த மலை. அது கருப்பு ஆமை. வாசலைப் பார்த்து நின்றால் இடப்பக்கக் குன்று பச்சை டிராகன், வலப்பக்கக் குன்று வெள்ளைப் புலி. முன்னால் திறந்த வெளியும் நீரும்; அது செந்நிறப் பறவையின் இடம். மலை உச்சியில் வீடு கட்டக்கூடாது, ஏனென்றால் 'சி' என்னும் உயிராற்றலைக் காற்று சிதறடித்துவிடும்.

டிராகனையும் புலியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். வடக்கே மலை இருந்தால் குளிர்காலக் காற்று அடிக்காது. தெற்கே வாசல் இருந்தால் வெயில் வரும். முன்னால் நீர் இருந்தால் வயலுக்கு ஆகும். நல்ல விவசாயி யாரும் சொல்லக்கூடிய விஷயம்தானே!

இதை இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதி. அங்குள்ள பழைய கிராமங்களின் பின்னால், மலைச்சரிவில் பிறை வடிவத்தில் அடர்ந்த தோப்பு இருக்கும். பெயரே 'ஃபெங் சுய் காடு'. வெட்டினால் ஊருக்கே கேடு என்று நம்பினார்கள். லாய் சி வோ என்ற ஹக்கா கிராமத்தின் தோப்பு இதற்குப் பேர்போனது. 1941 முதல் 1945 வரை ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது விறகுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. அப்போதும் இப்படிப்பட்ட பல தோப்புகள் தப்பின.

இந்த நம்பிக்கை அரசியலிலும் புகுந்தது. 1898-ல் பிரிட்டன் இந்தப் பகுதியை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு தாய் போ என்ற இடத்தில், ஒரு குன்றின் மேல் போலீசாருக்குக் கொட்டகை போட்டார்கள். எங்கள் ஃபெங் சுய் கெடுகிறது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1899 ஏப்ரலில் கொட்டகை எரிக்கப்பட்டது, சண்டையும் மூண்டது. நிலம் போய்விடுமோ, வரி ஏறுமோ என்ற பயமும் அதற்குள் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பிறகு நகரம் வளர்ந்தது, சரிவுகளை வெட்டியும் மண் கொட்டியும் கட்டினார்கள். 1972 ஜூன் 18, பெருமழை. சாவ் மாவ் பிங்கில் கொட்டப்பட்ட மண்மேடு சரிந்து 71 பேர் இறந்தார்கள். அதே நாள் போ ஷான் சாலையில் மலைச்சரிவு இடிந்து ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தையே சாய்த்தது. 67 பேர் பலி. 1977-ல் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே தனி அரசு அலுவலகம் வந்தது.

ஃபெங் சுய் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். மண்ணின் பாரத்தை எந்த டிராகனும் கணக்குப் போடாது, அதற்குப் பொறியாளர்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவைத் தொடாதே, மரத்தை வெட்டாதே என்ற பழைய விதி மண்ணைப் பிடித்து வைத்திருந்தது உண்மை.

இப்போது கணக்கு. அரசுப் பணிகளால் ஃபெங் சுய் கெடுகிறது என்று கிராமத்தார் முறையிட்டால், 'டுன் ஃபு' என்ற சாந்திச் சடங்குக்கு ஹாங்காங் அரசு பணம் கொடுத்திருக்கிறது. மூடநம்பிக்கைக்குச் செலவா என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், ஒரு தோப்பு மண்ணையும் நீரையும் காப்பதற்கு நம் இருப்புநிலைக் குறிப்பில் எந்தத் தலைப்பும் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் 'அதிர்ஷ்டம்' என்ற தலைப்பில் அதை எழுதி வைத்தார்கள். தலைப்பு தவறாக இருக்கலாம், ஆனால் சொத்து நிஜம்.

மலையில் வீடு கட்ட நினைப்பவர்கள் பொம்மை வாங்குவதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.