அநாதைச் சிறுமியரின் வயலின் ஆசான்

ஜூபிலி விழா என்றால் ஆலயம் எழுப்பிய குருக்களையும், கொடை தந்த பெரியோரையும் நன்றியோடு நினைக்கிறோம். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் பயிற்சி தந்தவர்களை நினைப்பது அரிது. ஆகவே இம்மலரில், சிறுமியருக்கு வயலின் கற்பித்த ஒரு குருவானவரின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் 1678-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் அந்தோனியோ விவால்டி பிறந்தார். குழந்தை பிழைக்காதோ என்ற அச்சத்தால் அன்றே மருத்துவச்சி வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். தந்தை புனித மாற்கு பேராலயத்தில் வயலின் வாசிப்பவர். மகனுக்கும் அக்கலை கைவந்தது. 1703-இல் குருப்பட்டம் பெற்ற விவால்டியைச் செந்நிற முடியின் காரணமாக மக்கள் 'செம்முடிக் குரு' என்று அழைத்தனர். சில ஆண்டுகளில் அவர் திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்தினார். நெஞ்சிறுக்க நோயே காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

குருப்பட்டம் பெற்ற அதே ஆண்டில், பியெத்தா என்னும் இல்லத்தில் ஆண்டுக்கு 60 டுகாட் சம்பளத்தில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற அவ்வில்லம், பெற்றோர் கைவிட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்று வளர்த்தது. ஆண்பிள்ளைகள் கைத்தொழில் கற்று வெளியேறினர். சிறுமியருள் திறமையுள்ளோர் இசை பயின்றனர். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பிப்பது அங்கு வழக்கம். ஆலயத்தில் இரும்புக் கிராதிக்குப் பின்னே நின்று அவர்கள் வாசித்தனர். முகம் தெரியாத அவர்களின் இசையைக் கேட்க ஐரோப்பா எங்கணுமிருந்து பிரயாணிகள் வந்தனர்.

ஆயினும் ஆசிரியரின் வேலை நிலையானதன்று. நிர்வாகிகள் கூடி, அவர் நீடிக்கலாமா என்று வாக்களிப்பர். 1709-இல் 7 பேர் எதிராகவும் 6 பேர் ஆதரவாகவும் வாக்களிக்க, அவர் வேலையை இழந்தார். மாணவியரே கற்பிக்கும் அளவுக்குத் தேறிவிட்டதால் வெளி ஆசான் வேண்டியதில்லை என்று கருதியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். நன்றாகக் கற்பித்ததே அவருக்கு வினையாயிற்று போலும்! 1711-இல் மனம் மாறி, ஒருமனதாக மீண்டும் அழைத்துக்கொண்டனர்.

1716-இல் அவர் இயற்றிய யூதித்து பற்றிய இசை நாடகத்தில் ஆண் பாத்திரங்களையும் சிறுமியரே பாடினர். 1723-இல் மாதம் இரண்டு இசைக்கோவைகள் எழுதித் தர ஒப்புக்கொண்டார். தம் வாழ்நாளில் அவர் எழுதியவை ஏறத்தாழ 500. அவற்றுள் பல, இன்ன மாணவியின் விரல்களுக்கு என்றே எழுதப்பட்டவை. குழந்தையாகக் கைவிடப்பட்டு அங்கு வளர்ந்த அன்னா மரியாவுக்குக் குலப்பெயர் கிடையாது. 'வயலின் அன்னா மரியா' என்றே ஊர் அறிந்தது. பின்னாளில் அவரும் அங்கே ஆசிரியையானார்.

1738-இல் விவால்டி மீண்டும் பதவியிழந்தார். 1740-இல் தம் படைப்புகள் சிலவற்றை அந்த இல்லத்துக்கே விற்றுவிட்டு வெனிஸை நீங்கினார். 1741 ஜூலையில் வியன்னா நகரில் காலமாகி, மிக எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார். உலகம் அவரை மறந்தது.

1926-இல் வட இத்தாலியில் சலேசிய சபையார் நடத்திய பள்ளியொன்றில் பழைய இசைச் சுவடிகள் வெளிப்பட்டன. அவற்றுள் விவால்டியின் கையெழுத்துப் படிகள் இருந்தன! சிறு மகனை இழந்த ஒரு தந்தை அவற்றை விலைக்கு வாங்கி, மகன் நினைவாகத் தூரின் நகர நூலகத்துக்கு அளித்தார். 1930-இல் எஞ்சிய பகுதியை அவ்வாறே வாங்கி அளித்தவரும், குழந்தையை இழந்த வேறொரு தந்தையே. பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்காக எழுதிய இசையைப் பிள்ளையை இழந்த பெற்றோர் காத்துத் தந்தனர். இதை என்னென்பது! அந்தச் சுவடிகளில் இருந்த 'குளோரியா' 1939-இல் சியன்னா நகரில் மீண்டும் ஒலித்தது. இன்று உலகெங்கும் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன.

பதவி போயிற்று; கல்லறையும் எங்கென்று அடையாளமில்லை. பிள்ளைகளுக்குக் கற்பித்தது மட்டும் நின்றது. நம் பங்கிலும் ஊதியம் கருதாமல் பிள்ளைகளுக்குப் பாட்டும் வாத்தியமும் சொல்லித் தந்து மறைந்தோர் உண்டு. அவர்களையும் இவ்விழா நாளில் நன்றியோடு நினைவுகூர்வோமாக.